எந்தச் சேனலிலும் வராத தொடர்

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு ரிஜெக்ட் அக்கா என்று பெயர். அப்பா வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக வந்து விழும் செக்கிங் மேசை அவளுடையது. தலைக்கு மேல் ட்யூப் லைட் எரிய, காலையிலிருந்து மாலை வரை நின்றபடியே வேலை. காலரை இழுத்துப் பார்ப்பாள், கைப்பட்டியை மடக்கிப் பார்ப்பாள், சட்டையை உள்வெளியாகத் திருப்பித் தையலை விரலால் தடவிக்கொண்டே போவாள். நூல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர். சரிசெய்யக்கூடியது ஆல்டர் கூடைக்குப் போகும். முடியாதது ரிஜெக்ட் கூடைக்குப் போகும். அவள் கை ரிஜெக்ட் கூடைப் பக்கமே அதிகம் போகிறது என்று தையல்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குச் சட்டைகள் மட்டும் காரணமில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்ததும் யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள்: “அக்கா, நேத்து டிவில அந்தப் படம் பார்த்தீங்களா?” அவ்வளவுதான், கூடம் மொத்தமும் காதைத் தீட்டிக்கொள்ளும்.

“பார்த்தேன், பார்த்தேன். மூணு குண்டு வாங்கிட்டு முக்கால் மணி நேரம் பேசறான். நம்ம சூப்பர்வைசருக்கு ஜலதோஷம் பிடிச்சாலே பேச்சு வரலை.”

அவள் சினிமாப் பைத்தியம் ஒன்றுமில்லை. தியேட்டருக்குப் போய் வருடக்கணக்காகிறது. வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, அரைக் கண்ணால் பார்ப்பவள்தான். அந்த அரைக் கண்ணுக்கே இவ்வளவு அகப்பட்டது. வெளிநாட்டுத் துப்பறியும் தொடர்களைப் பற்றி: “எந்த வீட்டுலயும் லைட்டே போட மாட்டேங்கறாங்க. போலீஸ்காரன்கூட டார்ச் அடிச்சுத்தான் தேடறான். சுவத்துலதானேடா சுவிட்ச் இருக்கு, போட்டுத் தொலையேன்.” காதல் படங்களைப் பற்றி: “அவன் மழையில நனைஞ்சா காதல், நாம நனைஞ்சா காய்ச்சல்.” கொலைகாரன் யாரென்று அவள் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவாள். “பெரிய நடிகர் ஒருத்தர் ஓரமா உக்காந்து டீ குடிச்சிட்டே இருக்காரா? அவர்தான். டீ குடிக்கவா அவரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க?”

அழுகைக் காட்சிகள் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. “வாயைத் திறந்து அழறவ எவளும் நிஜமா அழலை. நிஜமா அழறவ குழாயைத் திறந்து விட்டுடுவா” என்பாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை. சட்டையில் ஒரு நூல் தவறினால் தெரியும் அந்தக் கண்ணுக்கு இது தெரியவில்லை என்பதை நான் சும்மா சொல்லிவைக்கிறேன்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. பத்து வயது இளையவள். அம்மா போனபோது தங்கைக்குப் பல் விழுந்து முளைக்கிற பருவம். அக்காதான் தலை வாரினாள், சோறு ஊட்டினாள், பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினாள். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு டிவி பார்ப்பார்கள். படத்தில் குழந்தை தொலைந்துபோகும், அம்மா தெருத்தெருவாக ஓடுவாள். தங்கைக்கு உதடு பிதுங்கும். ஆனால் அழுதுவிட மாட்டாள். அக்கா பக்கம் திரும்பி, “இதுக்கு அழலாமாக்கா?” என்று கேட்பாள். “போடி, இன்னும் பத்து நிமிஷத்துல கிடைச்சிடும்” என்று அக்கா சொன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடக்கிக்கொள்வாள். வளர்ந்த பிறகும் அது போகவில்லை. புது உடுப்பு எடுத்தாலும், வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்றாலும், யாராவது சிரித்தால் திரும்பிச் சிரிக்கலாமா என்றாலும், அக்கா ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தனக்கென்று ஒரு அபிப்பிராயம் வைத்துக்கொள்ள அவளுக்குத் தேவையே வரவில்லை. அக்காவிடம்தான் இரண்டு பேருக்கும் போதுமான அளவு இருந்ததே.

மாப்பிள்ளையைப் பார்த்துச் சரி சொன்னதும் அக்காதான். மருந்துக் கடை ஒன்றில் மேனேஜர். சத்தம் போட்டுப் பேசாதவன். செருப்பைக் கழற்றினால் இரண்டையும் ஒட்டவைத்து ஓரமாக வைப்பவன். பெரியவர்கள் உட்காரும்வரை தான் உட்காராதவன். அவள் தன் செக்கிங் மேசையில் சட்டையைத் திருப்புகிற மாதிரி அவனை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. “ரிஜெக்ட் அக்காவே பாஸ் பண்ணிட்டாங்கன்னா யோசிக்கவே வேணாம்” என்று கம்பெனியில் கேலி பேசினார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தங்கை போன ஊர் பஸ்ஸில் அரை நாள் தூரம். தினமும் சாயங்காலம் போன் வரும். பகலில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். சார்ஜ் இல்லை என்பாள். சாயங்காலப் பேச்சு பெரும்பாலும் டிவியைப் பற்றித்தான். தங்கை கதையைச் சொல்வாள், அக்கா கிழித்துத் தோரணம் கட்டுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒருநாள் தங்கை சொன்னாள்:

“புதுசா ஒரு தொடர் பார்க்கறேன்க்கா. காசு கட்டிப் பார்க்கிற சேனல். உங்க வீட்டுல வராது.”

“என்னடி கதை?”

“ஒரு பொண்ணு. புதுசா கல்யாணம் ஆனவ.”

அப்படி ஒரு தொடர் எந்தச் சேனலிலும் வரவில்லை. அந்தப் பெண் தங்கைதான். கேட்கிறவர்களுக்கு நான் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து விளையாட எனக்கு மனம் வரவில்லை. தெரிந்திருக்கவேண்டிய ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

“புருஷன் ரொம்ப நல்லவன்க்கா, வெளியில. வீட்டுக்குள்ள வந்தா பேசவே மாட்டான். நாள் கணக்கா.”

“பேசாத புருஷன் கிடைச்சா அது வரம்டி. எங்க வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸை ஓட்டிட்டு வந்து, வழியில போன ஒவ்வொரு வண்டியையும் திட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தலைவலி வந்துடுது. இதைப் போய் கொடுமைன்னு காட்டறானா?”

தங்கை சிரித்தாள். இரண்டு நாள் கழித்து அடுத்த பகுதி. அவன் சாப்பிட்டு, டிவி பார்த்து முடிக்கும்வரை அந்தப் பெண் சமையலறை வாசலில் நிற்கவேண்டுமாம். உட்காரு என்று அவன் சொன்னால்தான் உட்காரலாம். சில நாள் அவன் சொல்லாமலே தூங்கிவிடுவான்.

“நான் நாள் பூரா நின்னுட்டுத்தான் வேலை பார்க்கறேன். என்னை வெச்சு ஒரு தொடர் எடுக்கச் சொல்லு” என்றாள் அக்கா. “அவளுக்கு வாய் இல்லையா? ஏன் நிக்கணும்னு கேக்க வேண்டியதுதானே? எந்தப் பொம்பளை இப்படி நிப்பா? யாருக்குக் காது குத்தறாங்க?”

“கேட்டாக்கா. கேட்டதுக்கு விரலைப் பிடிச்சு முறுக்கினான். சுண்டு விரலை.”

“விரலையா?” அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விரலை முறுக்கறதெல்லாம் ஒரு அடியாடி? வில்லனுக்கு சம்பளம் கம்மியா கொடுத்துட்டாங்க போல.”

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் விழுந்தது. பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அக்கா போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு தங்கையின் குரல் மாறியது. அண்டாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு எதிரொலி. “சிக்னல் சரியில்லைக்கா” என்றாள். சிக்னலில் ஒரு குறையும் இல்லை. சமையலறையில் அவள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்ததை மாப்பிள்ளை ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான். கோபப்படவில்லை, சிரித்திருக்கிறான். “நல்லா கதை சொல்றியே. தினமும் சொல்லு, ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லு. உங்க அக்கா என்ன சொல்றாங்கன்னு நானும் கேக்கணும்” என்றிருக்கிறான். அன்றிலிருந்து சாயங்காலம் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு, அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தங்கைக்கு அக்கா ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடமாட்டாளா என்கிற ஆசை. அவனுக்கு அவள் சொல்லமாட்டாள் என்கிற நம்பிக்கை. பாவி, அவன்தான் அவளைச் சரியாகக் கணித்திருந்தான்.

“இப்ப அவன் இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டு வர்றான்க்கா” என்றாள் தங்கை ஒரு சாயங்காலம். “அவளைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு முதுகுகிட்டக் கொண்டு வர்றான். சூடு தெரியுது. ஆனா தொடலை. அப்படியே பிடிச்சிட்டு இருக்கான்.”

“தொடலையா?”

“இல்லைக்கா.”

“அப்புறம் எதுக்கு அந்த சீன்? சும்மா பூச்சாண்டி காட்டறானா? பயமுறுத்தறதா இருந்தா ஒருதரமாவது தொடணும்டி. இல்லேன்னா பார்க்கறவங்களுக்கு நம்பிக்கை போயிடும். அடுத்த வாரம் அவன் பெட்டியைத் தூக்கினா எல்லாரும் கொட்டாவி விடுவாங்க.”

அந்தப் பக்கம் யாரோ மூக்கால் சிரித்த மாதிரி இருந்தது. “மாப்பிள்ளை இருக்காரா?” என்று கேட்டாள். “இருக்கார்” என்றாள் தங்கை. “கேட்டதா சொல்லு” என்று அக்கா போனை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

பிறகு இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. தங்கையின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, எழுதிவைத்ததை வாசிப்பது போல இருந்தது.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு அக்கா இருக்காக்கா. தூரத்துல இருக்கா. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாமா, அங்கயே போயிடலாமான்னு யோசிக்கிறா. நீ என்ன சொல்றே?”

அக்கா அன்று வேலையில் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியிருந்தாள்; கால் வீங்கியிருந்தது; அடுப்பில் ஏதோ பொங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அபிப்பிராயம் சொல்வதில் அவள் என்றைக்குக் குறைவைத்தாள்?

“சொல்லவே கூடாது. அக்கான்னு ஒருத்தியை உள்ள விட்டா கதை அன்னிக்கே படுத்துடும். அவ வந்து என்ன பண்ணுவா? ஊரைக் கூட்டிக் கத்துவா. அப்புறம்? அந்த அக்கா என்ன அரண்மனையிலயா இருக்கா? ஒத்த ரூம் வீடா இருக்கும். அங்க போய் இவ எத்தனை நாள் இருப்பா? ஒரு வாரம் நல்லா இருக்கும், அடுத்த வாரம் ரெண்டு பேருக்கும் சண்டை வரும். பேசாம அங்கயே இருக்க விடு. கடைசியில அவன் திருந்திடுவான், எல்லாத் தொடர்லயும் திருந்தறான்.”

“சரிக்கா” என்றாள் தங்கை.

இந்தக் கதையைத்தான் ரிஜெக்ட் அக்கா மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிட்டாள். நடித்தே காட்டினாள். விரல் முறுக்கும் வில்லன், தொடாத இஸ்திரிப் பெட்டி, வாயில்லாத பெண். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இஸ்திரி மேசையில் வேலை செய்யும் ஒரு வயதான அம்மா மட்டும் டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்:

“தொடர் பேர் என்ன?”

அக்கா பெயரைக் கேட்டதே இல்லை.

“யார் நடிக்கிறாங்க?”

அதுவும் தெரியாது. மற்றவர்கள் போனை எடுத்துத் தேடினார்கள். அந்தச் சேனல், இந்தச் சேனல், காசு கட்டுகிறது, கட்டாதது. எதிலும் இல்லை. இஸ்திரி அம்மா எல்லாத் தொடரையும் விடாமல் பார்க்கிறவள். அவளுக்குத் தெரியாமல் ஒரு தொடர் வர வாய்ப்பில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

“டிவில விரலை முறுக்க மாட்டாங்களே” என்றாள் இஸ்திரி அம்மா, கேலியில்லாமல். “கேமராவுக்கு அது தெரியாதே. அறைஞ்சாத்தான் சத்தம் வரும், முகம் திரும்பும், பார்க்கறவங்க பதறுவாங்க. விரலை முறுக்கினா என்ன தெரியும்? பட்டவளுக்குத்தான் தெரியும். இதை எவனும் யோசிச்சு எழுதியிருக்க மாட்டான். உனக்கு யார் சொன்னா இந்தக் கதையை?”

அக்கா சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. மணி அடித்து எல்லோரும் எழுந்து போனார்கள். அவளும் போய்த் தன் மேசையில் நின்றாள். சட்டைகள் வந்தன. ஒரு கை நீளம், ஒரு கை குட்டையாக வந்த சட்டையைக்கூடத் தடவிப் பார்த்து நல்ல பக்கம் தள்ளினாள். தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஒருதரமாவது தொடணும்டி. இதை யார் சொன்னது? நான்தானே சொன்னேன். அவள் கழிப்பறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. சார்ஜ் இல்லை என்று தங்கை சொன்னதைத் தான் எப்படி நம்பினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் அன்று எந்த வண்டியையும் திட்டவில்லை. “நானும் வர்றேன்” என்றார். “கம்பெனி பஸ்ஸை யார் எடுப்பா? நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்” என்றாள். கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தங்கை எப்போது அவள் பேச்சைத் தட்டியிருக்கிறாள்?

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போனாள். மருந்துக் கடைக்கு அன்று விடுமுறை. மாடிக் குடியிருப்பில் மூன்றாவது தளம். கதவைத் திறந்தது மாப்பிள்ளைதான். “வாங்கக்கா, வாங்க. சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனே” என்று பையை வாங்கிக்கொண்டான். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தான். செருப்புகள் ஒட்டவைத்தபடி ஓரமாக இருந்தன. கூடம் பளபளவென்று இருந்தது. மேசை நடுவில் தங்கையின் போன்.

தங்கை சமையலறை வாசலில் நின்றாள். உட்காரவில்லை.

“டீ போடு, அக்கா களைச்சு வந்திருக்காங்க” என்றான் அவன். “உங்களைப் பத்தித்தான் பேசிட்டே இருப்போம்க்கா. இவ சொல்ற தொடருக்கு நீங்க கருத்து சொல்றீங்களே, அதை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேப்போம். எனக்கு ரொம்பப் பிடிக்கும். எவ்வளவு சரியா சொல்றீங்க!”

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவன் தடுக்கவில்லை.

தங்கை அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தாள். ரவிக்கையின் முதுகு விளிம்பில், கழுத்துக்குக் கீழே, கூர்மையான ஒரு முக்கோணம் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியின் முனை. புண் இன்னும் ஆறவில்லை. அக்கா அவள் கையைப் பிடித்தாள். சுண்டு விரல் நேராக இல்லை; கணுவில் வீங்கி வெளிப்பக்கம் விலகி நின்றது.

“பையை எடு, போலாம்.”

தங்கை டீத்தூளைப் போட்டாள்.

“காது கேக்கலையா? போலாம்கறேன். என்ன பண்ணிடுவான் பார்த்துடறேன்.”

“எங்கக்கா போறது?”

“என் வீட்டுக்கு.”

“ஒத்த ரூம்தானேக்கா. ஒரு வாரம் நல்லா இருக்கும்.”

அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. “அது... நான் கதையைத்தாண்டி சொன்னேன். ஏதோ டிவிக்காரனைச் சொன்னேன். நீன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல? நான் பறந்து வந்திருப்பேனேடி.”

“தெரியும்க்கா.” தங்கை கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பி ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். “நான்னு தெரிஞ்சா நீ அழுவே, கத்துவே, வாடின்னு கூட்டிட்டுப் போவே. அது எனக்குத் தெரியும். ஆனா உன் மனசுல நிஜமா என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். நீ மனுஷங்களுக்காகப் பொய் சொல்லுவேக்கா. டிவியைப் பத்திச் சொல்றப்ப மட்டும்தான் ஒளிக்காம சொல்லுவே. அதான் டிவியில வெச்சுக் கேட்டேன். அக்கா வராம இருந்தாத்தான் நல்லதுன்னு நீ சொல்லிட்டே.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள், திறந்த வாய் திறந்தபடியே. தங்கை குனிந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.

கத்தத்தான் செய்தாள் அக்கா, பிறகு. கூடத்துக்கு வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. “ஒண்ணுமில்லைங்க, அக்காவுக்கு உடம்பு சரியில்லை” என்று அவன் சொன்னான். எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். தங்கை, “ஆமாங்க” என்றாள். கதவுகள் மூடிக்கொண்டன. திரும்புகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். அங்கே ஒரு பெண் போலீஸ் முழுக்கக் கேட்டுவிட்டு, “உங்க தங்கச்சி வந்து சொல்லணும்மா. அவங்க இல்லைன்னு சொன்னா நாங்க என்ன பண்றது?” என்றாள். அக்கா போன கையோடு தனியாகத் திரும்பி வந்தாள். தான் வந்து போனதற்கு அன்று சாயங்காலம் அங்கே என்ன நடக்கும் என்பதைப் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகு தங்கை போன் செய்யவில்லை. அக்காதான் செய்தாள், தினமும். அவன் எடுப்பான். “சொல்லுங்கக்கா” என்று ஸ்பீக்கரில் போடுவான். அவள் “நாசமாய்ப் போவாய்” என்று ஆரம்பித்தால் துண்டித்துவிடுவான். தங்கையிடம் “வந்துவிடு” என்று கெஞ்சினாலும் துண்டித்துவிடுவான். தங்கை அந்த அறையில்தான் நிற்கிறாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். இப்படியே நாட்கள் போயின. கம்பெனியில் யாரும் அவளிடம் படத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒருநாள் அவன் எடுத்து, “புதுசா ஏதாவது பார்த்தீங்களாக்கா?” என்று கேட்டான், குத்தலாக.

“பார்த்தேன் மாப்பிள்ளை. ஒரு தொடர்” என்றாள் அவள்.

துண்டிக்கப்படவில்லை. பிறர் கதையில் ஓட்டை கண்டுபிடித்தே பழகியவளுக்குக் கதை சொல்லத் தெரியாது. ஒரு பொய்கூடக் கோர்வையாக வராது. அதனால் உண்மையையே சொன்னாள்.

“அதுல ஒரு அக்கா வர்றா. வாயாடி. ஒத்த ரூம் வீடு. அவ பீரோவைத் தூக்கி சமையலறையில வெச்சுட்டு, ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் போட்டிருக்கா. நடுவுல ஒரு திரை தெச்சு மாட்டியிருக்கா. வீட்டுக்காரர் கூடத்துல... கூடம் எங்க இருக்கு, வாசல்கிட்ட படுத்துக்கறார்.”

“அப்புறம்?” என்று அவன் சிரித்தான்.

“இன்னிக்கு அவ்வளவுதான்.”

கட்டிலை வாங்கிப் போட்ட பிறகுதான் கட்டிலைச் சொன்னாள். திரையைத் தைத்து மாட்டிய பிறகுதான் திரையைச் சொன்னாள். மறுநாள், கம்பெனியில் நூல் வெட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அந்த அக்கா தங்கச்சிக்குச் சொல்லிவைத்திருக்கிறாள் என்றாள். சொல்லியும் வைத்திருந்தாள். அவனுக்கு இது பொழுதுபோக்காகிவிட்டது. “கதை இழுக்குதேக்கா” என்பான். “அந்த அக்கா கேரக்டர் ஓவர் ஆக்டிங்” என்பான். அவள் பொறுத்துக்கொண்டாள். அவன் கேட்கிறான் என்றால் போன் மேசையில் இருக்கிறது என்று அர்த்தம். போன் மேசையில் இருந்தால் சமையலறை வாசலில் நிற்கிறவளுக்கும் கேட்கும். டிவிக் கதையாக அக்கா சொல்வதைத்தானே அவள் நம்புவாள்? இந்த அக்காவின் நேர் வார்த்தைக்குத்தான் அங்கே மதிப்பில்லாமல் போயிற்றே.

“அந்த அக்கா வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவர்” என்றாள் பின்னொரு சாயங்காலம். “தங்கச்சி இருக்கிற ஊர்ல மார்க்கெட் பக்கம், லீவு நாள்ல வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தறார். போன வாரமும் வந்தார். முன்பக்கக் கதவைத் திறந்து வெச்சுட்டு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தார். யாரும் ஏறலை. திரும்பிப் போயிட்டார்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “காலி பஸ்ஸை வெச்சுட்டு உக்காந்திருக்கானா? இதுக்கு ஒரு தொடரா? ரிஜெக்ட்க்கா, ரிஜெக்ட்! இதை யார் பார்ப்பாங்க?”

அவன் சிரித்து முடித்தான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து உள்ளே போகிறான் போலிருந்தது. போனைத் துண்டிக்க மறந்திருந்தான், அல்லது அதற்குக்கூட அவனுக்கு அலுப்பாக இருந்திருக்கும். மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு, சமையலறை வாசலிலிருந்து மேசைவரை வந்து சேர்கிற அளவுக்கு மட்டும், தங்கையின் குரல் வந்தது.

“அடுத்த வாரமும் வருவாராக்கா?”